இயக்கம் என்னும் பாட அலகு: ஒரு வரலாற்று நோக்கு

பாடசாலைப் பௌதிகவியலில் இயக்கம் பற்றிய பாட அலகு பெரும்பாலும் தொடக்கத்திலேயே இடம்பெறுகின்றது. இடப்பெயர்ச்சி, கதி, வேகம், ஆர்முடுகல் என்பவற்றுக்கு வரைவிலக்கணம் கூறுதல், அவற்றைத் தொடர்புபடுத்தும் சமன்பாடுகளைப் பெறுதல், கணக்குகளைச் செய்வித்தல், அதன்பின் நியூற்றனின் மூன்று விதிகளுக்குச் செல்லுதல் என்பதே ஆசிரியர் பலரும் பின்பற்றும் ஒழுங்காகும். இது பாடத்தின் இயல்பிலேயே அமைந்த ஒழுங்கு போன்று தோன்றலாம். ஆயின் இதற்கும் ஒரு வரலாறு உண்டு. எதனை முதலிற் கூறுவது, எதனைப் பரிசோதனைக்கு விடுவது, மாணவன் வகுப்பறைக்குள் வரும்பொழுதே கொண்டுவரும் எண்ணங்களுக்கு எவ்விடத்தை அளிப்பது என்னும் மூன்று வினாக்களுக்கு வெவ்வேறு காலத்தவர் வெவ்வேறு விடைகளைக் கண்டனர். ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் எழுந்த கல்விச் சீர்திருத்தங்களின் வழியாக அவ்விடைகளை ஆராய்வதும், மூன்றாவது வினாவே நெடுங்காலம் கேட்கப்படாதிருந்தது என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டறிந்த ஒழுங்கும் எழுதிய ஒழுங்கும்

இயக்கம் பற்றிய சிந்தனை வரைவிலக்கணத்தில் தொடங்கவில்லை. கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்ரோட்டில் இயக்கத்தை இயல்பான இயக்கம், வலிந்த இயக்கம் என இரண்டாகப் பகுத்தார். கல் கீழ்நோக்கி விழுதல் அதன் இயல்பு. கல்லை மேலே எறிதல் அதன் இயல்புக்கு மாறானது. வலிந்த இயக்கம் ஒன்று நிகழுமாயின் அதனை நிகழ்த்தும் ஒன்று இடைவிடாது தொழிற்படல் வேண்டும் என்பது அவர் கருத்து. மாடு நின்றால் வண்டியும் நிற்கும் என்பதை நாள்தோறும் காண்பவருக்கு இக்கருத்து மறுக்கவியலாத உண்மையாகவே தோன்றும். ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த பிலோப்பொனஸ் இதனை வினவினார். எறியப்பட்ட கல் கையை விட்டு நீங்கிய பின்னரும் செல்வதற்குக் கை அதனுள் செலுத்திய ஓர் ஆற்றலே காரணம் என அவர் கருதினார். பதினான்காம் நூற்றாண்டில் பாரிசில் வாழ்ந்த புரிடான் அவ்வாற்றலுக்கு 'இம்பெற்றஸ்' எனப் பெயரிட்டு அக்கருத்தை விரித்துரைத்தார்.

அதே நூற்றாண்டில் ஒக்ஸ்போட் மேட்டன் கல்லூரியினர் இயக்கத்துக்குக் காரணம் தேடுவதை ஒருபுறம் வைத்து அதனை அளவு வகையால் விவரிக்க முற்பட்டனர். சீராகக் கதி கூடிச் செல்லும் பொருள் ஒன்று கடக்கும் தூரம், அதன் தொடக்கக் கதிக்கும் இறுதிக் கதிக்கும் நடுவான கதியிற் சமமாகச் சென்றிருப்பின் கடந்திருக்கக்கூடிய தூரத்துக்குச் சமமாகும் என அவர்கள் கண்டனர். பாரிசில் ஒறெம் என்பார் இதனைக் கோட்டுருவமாக வரைந்து காட்டினார். இன்றைய வகுப்பறையில் வரையப்படும் வேக - நேர வரைபுக்கு அவ்வுருவத்தை முன்னோடி எனலாம்.

கலிலியோவின் பணி இப்பின்னணியிலேயே வைத்து நோக்கத்தக்கது. 1604ஆம் ஆண்டில் அவர் வெனிசிலிருந்த நண்பர் சார்ப்பிக்கு எழுதிய கடிதமொன்றில், விழும் பொருள் கடக்கும் தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு விகிதசமம் என்னும் சரியான முடிபைக் கூறினார். ஆயின் அம்முடிபுக்கு ஆதாரமாக அவர் கொண்ட கோட்பாடு பிழையானதாகும். விழும் பொருளின் கதி அது கடந்த தூரத்துக்கேற்பக் கூடுகின்றது என அவர் அன்று எண்ணினார். கதி கடந்த நேரத்துக்கேற்பக் கூடுகின்றது என்பதை அவர் தெளிவதற்குச் சில ஆண்டுகள் சென்றன. திருச்சபையின் தீர்ப்பினால் 1633 முதல் வீட்டுக் காவலில் இருந்த அவர் எழுதிய 'இரு புதிய விஞ்ஞானங்கள்' என்னும் நூல் 1638இல் ஒல்லாந்தின் லைடன் நகரில் வெளிவந்தது. மூவர் உரையாடும் வடிவில் அமைந்த அந்நூலில், ஒருவர் தூரத்துக்கேற்பக் கதி கூடுகின்றது என்னும் பழைய கருத்தை எடுத்துரைக்கின்றார். நூலாசிரியரும் ஒருகாலத்தில் அப்பிழையிலேயே இருந்தார் என மற்றொருவர் அவருக்கு விடையிறுக்கின்றார். பேரறிஞர் ஒருவர் தம் பிழையைத் தம் நூலினுள்ளேயே வைத்துப் போற்றிய இந்நிகழ்ச்சி கல்வி நோக்கில் மிகுந்த முக்கியத்துவம் வாய்ந்ததாகும்.

அந்நூலிலேயே சாய்தளப் பரிசோதனையும் விவரிக்கப்படுகின்றது. ஏறத்தாழப் பன்னிரண்டு முழ நீளமுள்ள மரச்சட்டத்தில் தவாளிப்பொன்று வெட்டப்பட்டு, அதனுள் வழுவழுப்பான தோற்றாள் ஒட்டப்பட்டது. அதில் வெண்கலக் குண்டொன்று உருளவிடப்பட்டது. அகன்ற பாத்திரமொன்றிலிருந்து சிறு குழாய் வழியாக ஒழுகிய நீரை நிறுத்து நேரம் கணிக்கப்பட்டது. நூறு முறை செய்து பார்த்தும் முடிபு மாறவில்லை என்கின்றார் கலிலியோ. இருபதாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியரான கொய்றே இத்தகைய எளிய கருவிகளால் அத்துணைத் துல்லியத்தைப் பெறுதல் இயலாது என ஐயுற்றார். 1961இல் தோமஸ் செற்றில் என்பார் அப்பரிசோதனையை அவ்வாறே மீளச் செய்து, அது இயலக்கூடியதே என நிறுவினார். சாதாரண மரச்சட்டத்தையும் நீரையும் கொண்டு இவ்விதியைக் காணலாம் என்பது வசதி குறைந்த பாடசாலைகளுக்கு ஊக்கமளிக்கும் செய்தியாகும்.

இவ்வாறு தடுமாறியும் திருத்தியும் பெறப்பட்ட அறிவு 1687இல் நியூற்றனின் 'பிரின்சிப்பியா'வில் முழுமை பெற்றது. அந்நூல் வரைவிலக்கணங்களில் தொடங்கி, விதிகளுக்குச் சென்று, அவற்றினின்றும் தேற்றங்களைப் பெறுகின்றது. யூக்கிளிட்டின் கேத்திரகணித நூலைப் பின்பற்றிய அமைப்பு அது. பிற்காலப் பாடநூல்கள் பலவும் இவ்வமைப்பையே மேற்கொண்டன. முடிந்த அறிவைத் தொகுத்துரைக்க இதனினும் சிறந்த ஒழுங்கு இல்லை. ஆயினும் இவ்வொழுங்கில் கலிலியோவின் பிழைக்கு இடமில்லை. ஈராயிரம் ஆண்டுகள் எழுந்த வினாக்கள் நீங்கி விடைகள் மாத்திரம் எஞ்சின.

ஆய்வுகூடத்தின் வருகை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்க உயர்நிலைப் பாடசாலைகளில் பௌதிகவியல் பெரும்பாலும் நூலை மனனஞ்செய்து ஒப்புவிக்கும் பாடமாகவே இருந்தது. பரிசோதனை நிகழுமிடத்தும் ஆசிரியரே செய்துகாட்ட மாணவர் பார்த்திருப்பர். 1780களில் கேம்பிறிட்ஜில் ஜோர்ஜ் அற்வுட் அமைத்த கப்பிக் கருவி அவ்வாறு காட்டப்பட்டவற்றுள் ஒன்று. கப்பியின் இருபுறமும் தொங்கும் எடைகளுக்கிடையே சிறு வேறுபாட்டை ஏற்படுத்தி, வீழ்ச்சியைக் கண்ணால் அளக்கக்கூடிய அளவுக்குத் தாமதப்படுத்துவது அக்கருவியின் தத்துவமாகும்.

1880களின் பிற்பகுதியில் இந்நிலை மாறத் தொடங்கியது. ஹாவாட் பல்கலைக்கழகம் தன்னிடம் சேர விரும்பும் மாணவர் ஆய்வுகூடத்தில் தாமே பரிசோதனை செய்திருத்தலைத் தகுதிகளுள் ஒன்றாக ஏற்றது. எட்வின் ஹோல் என்னும் பௌதிகவியலாளர் இதற்கெனப் பரிசோதனைப் பட்டியலொன்றைத் தயாரித்தார். அப்பல்கலைக்கழகத்தின் தலைவர் எலியற் தலைமையில் 1892இல் அமைக்கப்பட்ட பதின்மர் குழுவும் உயர்நிலைப் பாடசாலைக் கலைத்திட்டத்தில் ஆய்வுகூட வேலைக்கு ஆதரவளித்தது. மாணவனின் கை பாடத்தினுள் நுழைந்தமை இக்காலத்தின் பெரும் பேறாகும். எனினும் பரிசோதனையின் முடிபு முன்னரே நூலில் அச்சிடப்பட்டிருந்தது. விடை தெரிந்த வினாவுக்கு அளவீடு தேடும் வேலையாக ஆய்வுகூடம் குறுகிப்போகும் அபாயம் இதில் உள்ளடங்கியிருந்தது.

மூன்று சீர்திருத்தங்கள்

1956இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் ஜெரல்ட் சக்கரையாஸ் என்பவரின் தலைமையில் பௌதிக விஞ்ஞானக் கற்கைக் குழு உருவாகியது. 1957 ஒக்டோபர் 4ஆந் திகதி சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதனால் எழுந்த அச்சம் இத்தகைய முயற்சிகளுக்குப் பெருந்தொகைப் பணத்தையும் அரசாங்க ஆதரவையும் ஈட்டிக்கொடுத்தது. அக்குழுவின் பாடநூல் 1960இல் வெளிவந்தது. நான்கு பகுதிகள் கொண்ட அந்நூலில் நேரம், வெளி, சடப்பொருள் என்பன முதலிலும், ஒளியும் அலைகளும் அடுத்தும் வந்தன. நியூற்றனின் இயக்கவியல் மூன்றாம் பகுதிக்குத் தள்ளப்பட்டது. இயக்கமே தொடக்கம் என்னும் மரபு இங்கு துணிவுடன் மீறப்பட்டமை குறிப்பிடத்தக்கது. மின்மணியின் நாக்குப் போன்று அதிர்ந்து, இழுக்கப்படும் தாள் நாடாவிற் புள்ளியிடும் மலிவான கருவியொன்றும் மாணவர் கைக்கு வந்தது. சார்பியக்கத்தை விளக்க ரொறன்ரோப் பல்கலைக்கழகத்து ஹியூம், ஐவி ஆகிய இருவரும் நடித்த திரைப்படம் பின்னரும் பலராற் போற்றப்பட்டது.

பிரித்தானியாவில் நஃபீல்ட் மன்றம் 1962இல் தொடங்கிய திட்டத்தில் பௌதிகவியற் பகுதியை எரிக் றொஜர்ஸ் வழிநடத்தினார். இங்கு சில்லுகள் பூட்டிய துரொல்லி முதன்மை பெற்றது. ஒரு துரொல்லியை ஓர் இழுபட்டியால் இழுத்தல், பின்னர் இரண்டு பட்டிகளால் இழுத்தல், அதன்பின் ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய இரு துரொல்லிகளை இழுத்தல் என வேலை அமைந்தது. மின்னோட்டத்தின் அலைவுக்கேற்பச் செக்கனுக்கு ஐம்பது புள்ளிகள் நாடாவிற் பதியும். பத்து இடைவெளிக்கு ஒரு துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஐந்திலொரு செக்கனிற் சென்ற தூரமாகும். அத்துண்டுகளை அருகருகே ஒட்டும் மாணவனின் கண்முன் வேக - நேர வரைபு தானாகவே எழும். சமன்பாட்டுக்கு முன்னர் வரைபும், வரைபுக்கு முன்னர் நாடாவும் வந்தமை இத்திட்டத்தின் சிறப்பாகும்.

ஆயினும் இப்பரிசோதனையில் ஒரு நுட்பம் மறைந்துள்ளது. உராய்வை ஈடுசெய்யும் பொருட்டுப் பலகையின் ஒரு முனை சற்று உயர்த்தப்படும். தட்டிவிட்ட துரொல்லி சம இடைவெளியிற் புள்ளியிடும்வரை சரிவு திருத்தப்படும். நியூற்றனின் முதலாம் விதி முழுவதும் இச்சிறு ஆயத்தத்தினுள் அடங்கியுள்ளது. இழுப்பதை நிறுத்தினால் இயக்கமும் நிற்கும் என்னும் மாணவனின் அனுபவத்துக்கு உராய்வே காரணமாகும். அதனை ஆசிரியர் பாடம் தொடங்குமுன்பே அகற்றிவிடின், மாணவனின் அனுபவமும் அதனோடு பேசப்படாமலே அகற்றப்படுகின்றது.

மூன்றாவது சீர்திருத்தம் ஹாவாட் பௌதிகவியற் செயற்றிட்டமாகும். உயர்நிலைப் பாடசாலை ஆசிரியராகவிருந்த ஜேம்ஸ் றதபோட், பௌதிகவியலாளரும் விஞ்ஞான வரலாற்றாசிரியருமான ஜெரல்ட் ஹோல்ரன், கல்வியியலாளரான பிளெச்சர் வாற்சன் ஆகிய மூவரும் இதனை வகுத்தனர். பௌதிகவியலைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் விகிதம் வீழ்ந்து வந்தமை அவர்களின் கவலைகளுள் ஒன்று. 1970இல் வெளியான அந்நூலின் முதலாவது அலகு இயக்கம் பற்றியதே. இயக்கத்தின் மொழி, கலிலியோவின் விவரணம், நியூற்றனின் விளக்கம் என அதன் அதிகாரங்கள் ஒன்றையொன்று தொடர்ந்தன. அதன் தொடக்கத்திலேயே தெளிவான முடிபைத் தராத ஒரு பரிசோதனை வைக்கப்பட்டு, அதன் குறைகள் ஆராயப்பட்ட பின்னரே உலர்பனித் தட்டைக் கொண்டு செய்யும் சிறந்த பரிசோதனை அறிமுகமாகின்றது. பாடநூல்களிலிருந்து நீங்கியிருந்த தடுமாற்றத்துக்கு இவ்வாறு மீண்டும் ஓரிடம் கிடைத்தது. எனினும் அங்கு இடம்பெற்றது பெரும்பாலும் அறிஞர்களின் தடுமாற்றமே. வகுப்பறையில் இருக்கும் மாணவனின் தடுமாற்றம் இன்னும் ஆராயப்படவில்லை.

கேட்கப்படாத வினா

1970களின் இறுதியில் இவ்வினா எழுந்தது. பாரிசில் லோறன்ஸ் வியனோ என்பவர் 1979இல் வெளியிட்ட ஆய்வில், விசையை வேகத்தோடு பிணைத்து நோக்கும் இயல்பான சிந்தனை பல்கலைக்கழக மாணவரிடத்தும் நிலைத்திருந்தமையைக் காட்டினார். உவாஷிங்ரன் பல்கலைக்கழகத்தில் லிலியன் மக்டெர்மொற்றும் துறோபிறிட்ஜும் இரு குண்டுகள் உருளுவதை மாணவருக்குக் காட்டி, அவை எப்பொழுது ஒரே கதியிற் சென்றன என வினவினர். ஒன்றையொன்று கடந்த வேளையில் என விடையிறுத்தோர் பலர். இடமும் கதியும் அவர்கள் உள்ளத்தில் வேறுபட்டிருக்கவில்லை.

1982இல் ஜோன் கிளெமன்ற் வெளியிட்ட ஆய்வு இன்னும் எளிமையானது. மேல்நோக்கிச் சுண்டப்பட்ட நாணயமொன்று பாதிவழியில் மேலே சென்றுகொண்டிருக்கும்பொழுது அதன்மீது தாக்கும் விசைகள் யாவை? வளியின் தடையை நீக்கி நோக்கின், கீழ்நோக்கிய புவியீர்ப்பு ஒன்றே என்பது சரியான விடை. பொறியியல் பயில வந்த மாணவருட் பெரும்பான்மையோர் மேல்நோக்கியும் ஒரு விசையை வரைந்தனர். இயக்கவியற் பாடத்தைக் கற்று முடித்த பின்னரும் பெரும்பான்மையோரின் நிலை அதுவாகவே இருந்தது. அம்மேல்நோக்கிய அம்புக்குறி புரிடானின் இம்பெற்றஸை நினைவூட்டுவதாகும்.

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹலூனும் ஹெஸ்ரெனஸும் 1985இல் இத்தகைய வினாக்களைத் தொகுத்து ஆய்ந்தனர். 1992இல் ஹெஸ்ரெனஸ், மல்கம் வெல்ஸ் முதலியோர் விசை பற்றிய எண்ணக்கருச் சோதனையை வெளியிட்டனர். கணக்கீடு எதுவும் வேண்டாத அச்சோதனையில், பிழையான விடைகள் மாணவரின் இயல்பான எண்ணங்களிலிருந்தே தெரிந்தெடுக்கப்பட்டன. உயர்நிலைப் பாடசாலை ஆசிரியரான வெல்ஸ், ஆய்வுகூட வேலைக்கு முதன்மையளித்துக் கற்பித்த தம் மாணவரின் பெறுபேறும் எதிர்பார்த்த அளவு உயரவில்லை எனக் கண்டு, தம் கற்பித்தல் முறையையே மாற்றியமைத்தவர். 1998இல் றிச்சட் ஹேக் 62 பாடநெறிகளைச் சேர்ந்த 6,542 மாணவரின் பெறுபேறுகளை ஒப்பிட்டார். விரிவுரையும் வழமையான ஆய்வுகூடமும் கொண்ட வகுப்புகள், அடையக்கூடிய முன்னேற்றத்தில் சராசரியாக 23 சதவீதத்தையே அடைந்தன. மாணவர் தம் கருத்தை வெளியிட்டு விவாதித்துச் சோதித்துப் பார்த்த வகுப்புகளோ 48 சதவீதத்தை அடைந்தன. முயற்சியும் கருவியும் மாத்திரம் போதா என்பதும், மாணவன் முன்னரே நம்பும் ஒன்றை வெளிக்கொணராத கற்பித்தல் அந்நம்பிக்கையைத் தொடாமலே கடந்துசெல்லும் என்பதும் இதனாற் பெறப்படும்.

சொல்லும் பொருளும்

இயக்கத்தைத் தமிழிற் கற்பிப்போர் எதிர்கொள்ளும் ஓர் இடர்ப்பாடு ஈண்டு நோக்கத்தக்கது. இலங்கைப் பாடநூல்கள் திசை கருதாத அளவைக் கதி எனவும், திசையுடன் கூடியதை வேகம் எனவும் வழங்குகின்றன. தமிழகத்துப் பாடநூல்களிலோ முன்னையது வேகமாகவும் பின்னையது திசைவேகமாகவும் உள்ளது. இலங்கையில் ஆர்முடுகல் எனப்படுவது அங்கு முடுக்கம் எனப்படுகின்றது. இவை கலைச்சொல் வழக்கின் வேறுபாடுகளே. இவற்றைக் காட்டிலும் ஆழமானது விசை என்னுஞ் சொல் பற்றிய இடர்ப்பாடு. பௌதிகவியலில் அது வேகத்தை மாற்றுவதைக் குறிக்கும். பொது வழக்கிலோ விசையாக ஓடுதல் என்பது விரைந்து ஓடுதலேயாகும். வியனோ பாரிஸ் மாணவரிடத்துக் கண்ட குழப்பத்தைத் தமிழ் மாணவனுக்கு அவன் தாய்மொழியே முன்கூட்டி வழங்கிவிடுகின்றது. இது மொழியின் குறையன்று. அன்றாட அனுபவத்திற் பிறந்த சொல் அவ்வனுபவத்தைச் சுமந்தே வரும். முதலில் எண்ணம், பின்னர் பெயர் என்பது அமெரிக்கப் பௌதிகவியலாளரான ஆனல்ட் ஆறன்ஸ் ஆசிரியர்களுக்கு வலியுறுத்திய நெறியாகும். தமிழ்வழிக் கற்பித்தலுக்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும்.

அலகு பெறும் வடிவம்

மேற்கூறிய வரலாற்றினின்றும் பாட அலகொன்றைத் திட்டமிடுவோர் பெறத்தக்கவை சிலவுள. அலகின் முதல் நாளிலேயே நாணயம் பற்றிய வினாவைக் கேட்டு, மாணவரின் விடைகளைத் திருத்தாது எழுதி வைத்தல் முதலாவது. சம இயக்கத்தையும் ஆர்முடுகும் இயக்கத்தையும் நாடாவிலோ சாய்தளத்திலோ அளந்து வரைபாக்கிய பின்னரே வரைவிலக்கணங்களுக்கும் சமன்பாடுகளுக்கும் செல்லுதல் இரண்டாவது. கதி தூரத்துக்கேற்பக் கூடுகின்றதா, நேரத்துக்கேற்பக் கூடுகின்றதா என்னும் கலிலியோவின் வினாவை வகுப்பின் முன் வைத்தல் மூன்றாவது. உருளும் குண்டு முதலாவது நேர அலகில் ஒரு பங்கு தூரமும், அடுத்தடுத்த அலகுகளில் மூன்று, ஐந்து, ஏழு பங்குகளும் செல்வதை மாணவர் தாமே காண்பர். கதி தூரத்துக்கு விகிதசமமாயின், தூரம் பூச்சியமாகவுள்ள தொடக்கத்திற் கதியும் பூச்சியமாகி, பொருள் புறப்படவே இயலாது என்பதையும் அவர்கள் உணர்தல் கூடும். உராய்வை மறைக்காது, அதனையும் ஒரு விசையாகக் கூறி, அது குறையக் குறைய இயக்கம் எவ்வாறு நீடிக்கின்றது என்பதைக் காட்டுதல் நான்காவது. இறுதி நாளில் நாணயத்தை மீண்டும் சுண்டி, முதல் நாள் எழுதிய விடைகளோடு ஒப்பிடுதல் ஐந்தாவது.

இதற்கு மறுப்புகள் இல்லாமலில்லை. மனிதகுலம் ஈராயிரம் ஆண்டுகள் நடந்த வழியை ஒவ்வொரு மாணவனும் நடத்தல் வேண்டுமா எனச் சிலர் வினவலாம். அவ்வாறு வேண்டுவதில்லை. மாணவனின் எண்ணங்கள் அரிஸ்ரோட்டிலின் தத்துவம் போன்று ஒழுங்குபட்ட முறைமையும் அல்ல. ஒரு வினாவுக்கு ஒருவாறும் மற்றொன்றுக்கு வேறொருவாறும் அவன் விடையிறுத்தல் கூடும். வரலாறு இங்கு வழித்தடமாக அன்றி எச்சரிக்கையாகவே பயன்படுகின்றது. அறிஞர் நெடுங்காலம் இடறிய இடங்களில் மாணவனும் இடறுவான் என எதிர்பார்த்து, அவ்விடங்களுக்குக் கூடுதல் நாட்களை ஒதுக்குதலே திட்டமிடலாகும். பாடத்திட்டத்தின் நெருக்கடியும் பரீட்சையின் அழுத்தமும் காரணமாக அந்நாட்களைக் கண்டெடுத்தல் எளிதன்று என்பதும் உண்மையே. ஆயின் அவற்றை மிச்சப்படுத்துவதால் விளையும் பயன் யாது? சமன்பாட்டில் எண்களை இட்டுச் சரியான விடை பெற்று, நாணயத்தின்மீது மேல்நோக்கிய அம்புக்குறியும் வரையும் மாணவன் பரீட்சையிற் சித்தியடையலாம். உலகை அவன் இன்னும் பழைய கண்ணாலேயே நோக்குகின்றான்.

இயக்கம் பற்றிய அலகைக் கற்போருட் பலர் பிற்காலத்தில் பௌதிகவியலைத் தொடர்வதில்லை. அவர்களுக்கு அந்தச் சில வாரங்களே, கண்கூடானதெனத் தாம் நம்பிய ஒன்றைச் சான்றின் முன் மாற்றிக்கொள்ளும் அனுபவத்தைப் பெறக்கூடிய அரிய வாய்ப்பாகும். வீட்டுக் காவலில் இருந்துகொண்டு நூலெழுதிய முதியவர், தாம் முன்னர் கொண்ட பிழையை மறைக்காது உலகுக்கு உரைத்தார். அப்பிழைக்குரிய ஓரிடத்தைப் பாட அலகினுள் மீட்டளிப்பின், அவர் கண்ட விதியோடு அதனைக் கண்ட மனப்பாங்கும் மாணவரைச் சென்றடையும்.